ஒன்றரைக் கிலோ உடைசல்

புள்ளி நான்கு ஒன்பது. கிராம் கணக்கு. வேறெதை மறந்தாலும் இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள்.

உறையில் அச்சடிப்பதற்கு அந்த நாட்டில் ஒரு விதி இருந்தது. ஒரு தடவை சாப்பிடும் அளவில் டிரான்ஸ் கொழுப்பு அரை கிராமுக்குக் கீழே இருந்தால், அதைப் பூஜ்யம் என்றே போட்டுக்கொள்ளலாம். பிஸ்கட் ஆலை அந்த அரை கிராமுக்கு ஒரு மயிரிழை கீழே போய் நின்றுகொண்டது. உறையின் முதுகில் பொடி எழுத்தில் இப்படி இருக்கும்: ஒரு தடவை சாப்பிடும் அளவு இரண்டு பிஸ்கட். டிரான்ஸ் கொழுப்பு பூஜ்யம். எந்த ஊரில் எவன் இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்துகிறான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய இடத்தில் இருந்தவள் ஒருத்திதான். அவளும் பன்னிரண்டு வருஷமாகக் கேட்கவில்லை.

அவளுக்கு ஆலையில் எடைக்கல் அக்கா என்று பேர். வயது ஐம்பத்தாறு. அடுப்பிலிருந்து வெளியே வரும் பிஸ்கட், நீளமான பெல்ட்டில் ஆறிக்கொண்டே வரும். அதன் கடைசியில் பக்கத்துக்கு மூன்று பேராக ஆறு பெண்கள் நிற்பார்கள். உடைந்தது, கருகியது, ஒட்டிப் பிறந்தது எல்லாவற்றையும் பொறுக்கிப் பக்கத்துத் தொட்டியில் போடவேண்டும். நல்லது மட்டும் உறைக்குப் போகும். இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யும். அக்காவின் கை கண்ணுக்கு முன்னால் போகும். விரிசல் விட்ட பிஸ்கட் உடைவதற்கு முன்பே அதை எடுத்துவிடுவாள். "அக்கா ஜோசியம் பாக்குது" என்பார்கள் புதிதாக வந்தவர்கள்.

பேர் வந்த கதை வேறு. முன்பெல்லாம் உடைசல் மாட்டுத்தீவனக்காரன் லாரியில் போய்விடும். தொழிலாளி ஒரு துண்டை வாயில் போட்டால் குற்றம். வாசலில் சோதனை போடும்போது ஒருத்தியின் இடுப்பில் அரை பிஸ்கட் அகப்பட்டது. பிள்ளைக்காக எடுத்திருந்தாள். பத்து நாள் வேலைநீக்கம். அந்த அரை பிஸ்கட்டில்தான் நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. வேறு கோரிக்கைகளும் இருந்தன. ஆனால் ஜனங்களை வாசலில் நிறுத்திவைத்தது அரை பிஸ்கட்.

கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, ஆளுக்கு நாளைக்குப் பத்து பிஸ்கட், எண்ணித் தருகிறோம் என்றது. ஆண்கள் சரி என்று தலையாட்டும் நேரத்தில் இவள் எழுந்தாள்.

"எண்ணித் தர்றதுக்கு நாங்க என்ன உங்க வீட்டு வாசல்ல தட்டோட வந்து நின்னோமா? எண்ணினா அது தர்மம். எடை போடுங்க. எடை போட்டாத்தான் பாத்தியதை."

மேலாளர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. ஒப்பந்தத்தில் பதினொன்றாவது ஷரத்தாக ஏறியது: வாரம் ஒன்றரைக் கிலோ உடைசல், எடை போட்டு, எண்ணாமல். அன்றைக்கு வைத்த பேர்தான் எடைக்கல். வைத்தவன் கேலியாகத்தான் வைத்தான். அது மரியாதையாகிவிட்டது.

அவள் குடியிருந்தது ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில். இரண்டு அறை. புருஷன் அதே ஆலையில் அடுப்புக்காரன். ஒன்பது வருஷத்துக்கு முன், மத்தியான வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன், ஒரு கை மட்டும் நுழைந்த சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். வயது ஐம்பத்தொன்று. ஒரே மகன், எங்கேயோ துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கூப்பிடுவான்.

"சாப்ட்டியாம்மா?"

"ஆச்சுப்பா."

"என்ன சாப்ட்ட?"

"இருந்ததச் சாப்ட்டேன். நீ என்ன சாப்ட்ட?"

"நானும் இருந்ததத்தான்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். பிறகு கொஞ்சநேரம் அவன் பக்கத்துக் காற்றுச் சத்தத்தை இவளும், இவள் வீட்டுக் குழாய்ச் சத்தத்தை அவனும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "சரி, வச்சிரட்டா?" என்று அவன் கேட்பான். "வைப்பா" என்பாள்.

இருந்தது என்றால் உடைசல். ஒரு ஆளுக்கு அடுப்பு மூட்டுவது என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியாதென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரு ஆளுக்கு என்று எந்தப் பாத்திரமும் செய்வதில்லை. கொஞ்சமாகச் சமைத்தாலும் மிஞ்சும். மிஞ்சியதை மறுநாள் தின்னும்போது நேற்றைக்கும் தனியாகத்தான் தின்றோம் என்று அது ஞாபகப்படுத்தும். முதல் வருஷம் சமைத்தாள். இரண்டாம் வருஷம் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் அடுப்பு தேநீருக்கு மட்டும் என்றாகிவிட்டது. மேஜைமேல் ஒரு பெரிய தகர டப்பா. காலையில் கைநிறைய, ராத்திரிக்குக் கைநிறைய, நடுவில் போகவர ரெண்டு. சுத்தமான சாமான், நம் கண்ணெதிரே செய்தது, உறையிலேயே பூஜ்யம் என்று போட்டிருக்கிறது. பூஜ்யத்தை எத்தனை தடவை தின்றாலும் பூஜ்யம்தானே?

அவளுக்கு வாய்த்த துணை ஒன்றே ஒன்று. பெல்ட்டில் அவளுக்கு அடுத்து நிற்கிறவள், நெட்டை என்று கூப்பிடுவார்கள். பதினாலு வருஷப் பழக்கம். சாப்பாட்டு இடைவேளையில் உணவுக்கூடத்து ஜன்னலடி பெஞ்சில் இரண்டு பேரும் ஒட்டி உட்காருவார்கள். நெட்டைக்கு மூன்று பிள்ளைகள், வேலையில்லாத புருஷன், ஓயாத வாய். அக்காவின் ஒரு நாளில் மனுஷக்குரல் என்று கேட்பதில் முக்கால்வாசி நெட்டையுடையது.

நெஞ்சு பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பெல்ட்டில். யாரோ முட்டிக்காலை நெஞ்சில் ஊன்றி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கை நின்றது. விரிசல் பிஸ்கட் பத்துப் பன்னிரண்டு அவளைத் தாண்டி உறைக்குப் போயின.

"என்னக்கா, தூங்குறியா?"

"மூச்சு... கொஞ்சம் இரு."

"ஐயோ, மூஞ்சி சாம்பலாட்டம் இருக்கே! யாராச்சும் பெல்ட்ட நிறுத்துங்கப்பா!"

பெல்ட்டை நிறுத்தினார்கள். பெரிய விஷயம் அது. வருஷத்துக்கு ஒருமுறைதான் நிற்கும்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ரத்தம் எடுத்ததற்கு முடிவு வந்ததும் திரும்ப வரச்சொன்னார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். மேஜையில் ஆறிப்போன காபி. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கெட்ட கொழுப்பு ஏறியிருக்கும்மா. நல்ல கொழுப்பு இறங்கியிருக்கு. ரெண்டும் சேந்து இப்படி ஆயிருக்கறதப் பாத்தா, சாப்பாட்டுல ஏதோ இருக்கு. பொரிச்சது நிறைய சாப்டுவீங்களா?"

"அடுப்பே மூட்டறதில்ல டாக்டர்."

"அப்போ என்னதான் சாப்டுறீங்க?"

"பிஸ்கட். எங்க ஆலைது. அதுல ஒண்ணுமில்ல, பூஜ்யம்னு போட்டிருக்கு." பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரிக்குச் சர்ட்டிபிகேட் கொண்டுவந்தவள் மாதிரி.

டாக்டர் உறையைத் திருப்பிப் பார்த்தார். சேர்மானப் பட்டியலில் 'பகுதி கடினமாக்கிய தாவர எண்ணெய்' என்று இருந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார். "இதான்மா. எண்ணெய் தண்ணியாட்டம் இருக்கும் இல்லையா? அதுக்குள்ள வாயுவை ஏத்திக் கட்டியாக்கறாங்க. பாதியில நிறுத்தினா இந்தக் கொழுப்பு உண்டாகும். பிஸ்கட் மொறுமொறுன்னு இருக்கும், மாசக்கணக்குல கெடாது. ஆனா ரத்தக்குழாய்க்கு இதவிடக் கெட்ட கொழுப்பு இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை பிஸ்கட் சாப்டுவீங்க?"

அக்கா விழித்தாள். "எண்ண மாட்டோம் டாக்டர். எடைதான்."

"எடைன்னா?"

"உடைசல். துண்டு துண்டா இருக்கும். துண்டப் போய் யாரு எண்ணுவா?"

டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "சும்மா ஒரு தடவை எண்ணிப் பாத்துட்டு வாங்க. இந்தக் கொழுப்பு ஒரு நாளைக்கு ரெண்டு கிராம் சொச்சத்த எந்தக் காரணத்துக்கும் தாண்டக் கூடாது. ஒண்ணுமே இல்லாட்டி இன்னும் நல்லது."

எழுந்து கதவுவரை போனவள் திரும்பினாள். "எங்க வீட்டுக்காரரும் இதான் சாப்ட்டாரு. ஒன்பது வருஷம் ஆச்சு, மாரடைப்பு."

"அவரு புகை பிடிப்பாரா?"

"அடுப்புக்காரரு. அடுப்புப் புகையத்தான் குடிச்சாரு, பீடி இல்ல."

டாக்டர் சிரிக்கவில்லை. "அத இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. எத்தனையோ காரணம் இருக்கலாம்."

நேர்மையான பதில்தான். ஆனால் நேர்மையான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஒண்டியாக வீடு திரும்புவது லேசான காரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா ஜன்னல் பக்கம் மேஜையை இழுத்துப் போட்டாள். ஒரு நாள் முழுக்க என்னவெல்லாம் தின்பாளோ அதை அப்படியே டப்பாவிலிருந்து கையால் அள்ளி ஒரு தாளில் கொட்டினாள். காலைக் கை, ராத்திரிக் கை, போகவர ரெண்டு. கையளவு அவளுக்குப் பொய் சொல்லாது. பிறகு உட்கார்ந்து துண்டுகளைச் சேர்க்க ஆரம்பித்தாள்.

இருபத்தேழு வருஷம் நல்லதையும் உடைந்ததையும் பிரித்துப்போட்ட கை. இன்றைக்குத் தலைகீழ் வேலை. பாதியோடு பாதி, மூலையோடு மூலை, நடுவில் இருக்கும் பூ அச்சு கோணாமல் வரிசை வரிசையாக வட்டங்கள் உருவாகின. ஒரு துண்டுக்கு ஜோடி கிடைக்காதபோது வேறு பிஸ்கட்டின் துண்டை வைத்து நிரப்பினாள். கீழே தெருவில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள், மூன்று தரம். நாலாவது தரம் கதவு சாத்தும் சத்தம்.

மேஜைமேல் முழு பிஸ்கட் இருபத்திரண்டு.

உறையை எடுத்துப் பார்த்தாள். இரண்டு பிஸ்கட் ஒரு தடவை. அப்படியென்றால் பதினோரு பூஜ்யம். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு பூஜ்யம் என்றுதான் சொன்னது. ஆனால் டாக்டர் போட்ட பேனாக்கோடு வேறு சொன்னது. இரண்டில் ஒன்று பொய். எது என்று தெரிந்த ஆள் ஆலையில் ஒருத்தன் இருந்தான்.

அவனுக்குச் சொட்டு என்று பேர். ஆய்வு அறையில் கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக எதையாவது ஊற்றிக்கொண்டிருப்பான். பேசுவதும் அப்படித்தான். திங்கள்கிழமை கைகழுவும் தொட்டியருகே அவனைப் பிடித்தாள்.

"தம்பி, உறையில பூஜ்யம்னு போட்டிருக்கே, அது நிஜப் பூஜ்யமா?"

சொட்டு குழாயை மூடவில்லை. தண்ணீர்ச் சத்தம் இருக்கட்டும் என்று நினைத்தான் போல. "ஏன்க்கா?"

"என் நெஞ்சு கேக்குது."

அவன் சோப்பை இரண்டு முறை போட்டான். "புள்ளி நாலு ஒன்பது."

"ரெண்டு பிஸ்கட்டுக்கா?"

"ரெண்டுக்கு. முன்னாடி உறையில மூணு பிஸ்கட்டுன்னு இருந்துச்சே, ஞாபகமிருக்கா? விதி வந்த வருஷம் ரெண்டுன்னு மாத்தினாங்க. மூணுன்னா அரை கிராமைத் தாண்டும். பிஸ்கட்டுல ஒண்ணும் மாத்தலக்கா. உறையிலதான் மாத்தினாங்க."

ஞாபகமிருந்தது. புது உறை வந்த அன்றைக்கு, 'நிர்வாகம் நமக்கு இப்ப அளவாத் திங்கவும் சொல்லித் தருது' என்று நெட்டை சொல்லி பெல்ட்டே சிரித்தது. இவளும் சிரித்தாள்.

"வேற கொழுப்பு போட்டா பிஸ்கட் வராதா?"

"வரும். எத்தனையோ இடத்துல போடறாங்க. மெஷினக் கொஞ்சம் மெதுவா ஓட்டணும், உறைய மாத்தணும். மனசு வந்தா ஆறு மாச வேலை." குழாயை மூடினான். "நான் சொன்னேன்னு சொல்லிராதக்கா."

"நீ எங்க சொன்ன? கைதான கழுவின."

பதினொன்றை புள்ளி நான்கு ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். ஐந்து கிராமுக்கு மேலே வரும். டாக்டர் சொன்னதுக்கு இரண்டு மடங்கைத் தாண்டும். பத்து பிஸ்கட் எண்ணித் தருகிறேன் என்று நிர்வாகம் சொன்னபோது எழுந்து நின்று, எண்ணாதே என்று சொன்னவள் அவள்தான். எண்ணியிருந்தால் யாராவது ஒருத்தர் என்றைக்காவது கூட்டிப் பார்த்திருப்பார்கள். ஆலையில் முந்நூற்று நாற்பது பேர். முந்நூற்று நாற்பது வீட்டில் டப்பா. அவள் வீட்டில் முன்பு அந்த டப்பாவில் இரண்டு கை விழுந்துகொண்டிருந்தது.

முதலில் நெட்டையிடம்தான் சொன்னாள். ஜன்னலடி பெஞ்சில்.

"சரி, நீ சாப்டாத," என்றாள் நெட்டை. "டாக்டர் சொன்னா நிறுத்த வேண்டியதுதான். அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"நான் மட்டும் நிறுத்தினாப் போதுமா? உன் புள்ளைங்க?"

"அதுங்களுக்கு என்ன, கல்லத் தின்னாலும் செரிக்கும்."

"குழாய்ல படியறது இப்பவே படியுமாம்டி. சங்கத்துல தீர்மானம் கொண்டுவரப் போறேன். கொழுப்ப மாத்துற வரைக்கும் ஒருத்தரும் உடைசல் வாங்கக் கூடாது. முந்நூத்தி நாப்பது பேரும் வேண்டாம்னா ஊரு ஏன்னு கேக்கும். ஊரு கேட்டா அவன் மாத்தித்தான் ஆகணும்."

நெட்டை வாயில் இருந்ததை மென்று முடிக்கும்வரை பேசவில்லை. அதுவே அதிசயம். "அக்கா, காலைல எம் மூணும் அதத் தின்னுட்டுத்தான் பள்ளிக்கூடம் போகுது. உனக்குப் புள்ள வளந்து போயிட்டான். டப்பாவ மூடி வைக்க உனக்கு சுளுவு."

"சுளுவுன்னா சொல்ற?"

"வேற என்ன சொல்ல? வீட்ல பேச ஆளில்லன்னா இப்படித்தான், எதையாவது போட்டு உருட்டத் தோணும்."

சொன்ன பிறகு நெட்டைக்கே உறைத்தது. ஆனால் கொட்டியதை அள்ளமுடியுமா? எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். மறுநாளிலிருந்து அவள் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். பெல்ட்டில் பக்கத்தில்தான் நின்றாள். நாள் முழுக்க இரண்டு ஜோடிக் கை ஒன்றையொன்று உரசிக்கொண்டு பிஸ்கட் பொறுக்கின. பேச்சில்லை. பெல்ட் உருளை கிறீச்சிடுவது இத்தனை வருஷத்தில் அக்காவுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

சங்கச் செயலாளர் அவள் கைபிடித்துக் கொடி பிடிக்கப் பழகியவர். அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டார். தீர்மானத்தை இரண்டு முறை படித்தார்.

"அக்கா, உனக்கு உடம்பு முடியல, எனக்குப் புரியுது. ஆனா இத நான் எப்படிக்கா கொண்டுபோறது? பதினொண்ணாவது ஷரத்து நீ வாங்கிக் குடுத்தது."

"நான் வாங்கிக் குடுத்தது விஷம்னு தெரிஞ்சா நான்தான சொல்லணும்?"

"கொழுப்ப மாத்தச் சொல்லிக் கடுதாசி குடுப்போம், நானே எழுதறேன். உடைசல மட்டும் கை விட வேண்டாம். ஒரு வாரம் வேண்டாம்னு சொல்லு, மறுவாரம் தீவனக்காரன் லாரி வாசல்ல நிக்கும். போன பாத்தியதை திரும்பி வந்து நீ பாத்திருக்கியா?"

"கடுதாசிக்கு அவன் என்னிக்குடா பதில் போட்டான்? நாப்பத்தோரு நாள் கடுதாசியா எழுதினோம்?"

செயலாளர் காகிதத்தை மடித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை அக்கா மறைக்கவில்லை. "நீ சொல்றது சரியாக்கூட இருக்கலாம்," என்றாள். "ஆனா சரியா தப்பான்னு அவங்க கையத் தூக்கிச் சொல்லட்டும். பலகையில ஒட்டு."

ஒட்டினார். எட்டு நாள் இருந்தது கூட்டத்துக்கு.

சனிக்கிழமை உடைசல் எடை போடும் வரிசையில் அவள் நிற்கவில்லை. தராசுக்காரன் வழக்கம்போல அவள் பையைப் போட்டுக் கட்டி மேஜையில் வைத்தான். யாரும் எடுக்கவில்லை. திங்கள்கிழமையும் அது அங்கேயே கிடந்தது, பேர்ச்சீட்டோடு. ஒருத்தன் அதைக் காட்டி, "அம்மாவுக்கு இப்ப முழு பிஸ்கட்டுதான் எறங்குமாம்" என்றான். புதன்கிழமை அவளுடைய தொட்டியின் பக்கவாட்டில் யாரோ சாக்குக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: எடைக்கல் என்ன விலை? நிர்வாகத்துக்கு விலைபோய்விட்டாள் என்று அர்த்தம். அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். நெட்டை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு கணம் அவளும் துணியை எடுப்பாள் போலிருந்தது. பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மகன் கூப்பிட்டான்.

"சாப்ட்டியாம்மா?"

"இன்னிக்கு சமைச்சேன்பா."

"நெஜமாவா? என்ன விசேஷம்?"

விசேஷம் என்ன என்று சொல்லத்தான் நினைத்தாள். அப்பா தின்ற டப்பாவைப் பற்றி, இருபத்திரண்டு வட்டத்தைப் பற்றி, தொட்டியில் எழுதியதைப் பற்றி. ஆனால் அவன் பாரந்தூக்கியின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறவன்; அவன் மனசில் எதையும் தொங்கவிடக் கூடாது.

"பசிச்சுது," என்றாள். "நீ அந்த பிஸ்கட் எதுவும் வாங்கித் திங்காத, என்ன?"

"நான் எங்கம்மா? சின்ன வயசுலயே தின்னு தீத்தாச்சு."

அவன் சிரித்தான். அவளால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

கூட்டம் மறுநாள் மத்தியானம் மூன்றரைக்கு, உணவுக்கூடத்தில். ஒரு வேலைநேரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி. நூற்றுத் தொண்ணூறு பேர் போல வந்திருந்தார்கள். இவள் முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐந்து பேர் உட்காரும் பெஞ்சு. மற்றவர்கள் பின்னால் நின்றார்களே தவிர அதில் யாரும் வந்து உட்காரவில்லை.

பேசச் சொன்னார்கள். எழுந்து திரும்பி நின்றாள். முன்பு இதே கூடத்தில் மைக் இல்லாமல் பேசியவள். இப்போது இரண்டு வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்கவேண்டியிருந்தது.

"ரெண்டு பிஸ்கட்டுல புள்ளி நாலு ஒன்பது. அதனால பூஜ்யம்னு போட்டான். நாம ரெண்டோட நிறுத்தல. நான் எண்ணிப் பாத்தேன், ஒரு நாளைக்கு இருபத்திரண்டு திங்கிறேன். நீங்களும் எண்ணிப் பாருங்க. எண்ண வேண்டாம்னு அன்னிக்குச் சொன்னது நான்தான். அது தப்பு. எந்திரிச்சு நின்னு சொல்றேன், அது என் தப்பு."

இப்படி ஒரு வார்த்தையை அந்த மேடைப் பக்கமிருந்து யாரும் கேட்டதில்லை. கூடம் கொஞ்சம் இரங்கியது போலக்கூட இருந்தது.

"கொழுப்ப மாத்துற வரைக்கும் உடைசல் வேண்டாம்னு சொல்வோம். அவ்வளவுதான்."

பின்னாலிருந்து ஒருத்தன், "அதுக்கப்பறம் தீவனக்காரன் மாட்டுக்கு மாரடைப்பு வருமே, பரவால்லயா?" என்றான். சிரிப்பு கிளம்பியது. இரங்கியது போய்விட்டது.

சிரிப்பு அடங்கும் முன்னே நெட்டை எழுந்தாள். கூட்டத்தில் வாயே திறக்காதவள்.

"அக்கா, நான் கேக்கறேன். எம் புள்ளைங்களுக்குக் காலைல யாரு போடுவா? எனக்கு அஞ்சரைக்கு பஸ்ஸு. அந்த மனுஷன் எட்டு மணி வரைக்கும் போத்திட்டுப் படுத்திருக்கும். நாளைலேருந்து நீ வந்து சமைச்சுப் போடுவியா?"

"போடறேன்," என்றாள் அக்கா.

கூடமே சிரித்தது. நல்ல பதிலடி என்று நினைத்தார்கள். ஒருத்தன் மேஜையைத் தட்டினான். அவள் பதிலடி கொடுக்கவில்லை. வாரக் கணக்கில் எந்த வேலைநேரம் தனக்கு, எந்தெந்தக் காலையில் போகமுடியும், இரண்டாவது மாடி இறங்கி அந்தத் தெரு வரைக்கும் நெஞ்சு இடம்கொடுக்குமா என்றெல்லாம் கேள்வி வந்த அந்த நொடியிலேயே யோசித்து, முடியும் என்று கண்டு சொன்ன பதில் அது. நெட்டைக்கு மட்டும் அது தெரிந்தது. அவள் சிரிக்காமல் நின்றாள். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்தாள்.

செயலாளர் மணியைத் தட்டினார். எதிர்ப்பவர்களை முதலில் எண்ணுவது என்று வைத்துக்கொண்டார். பின்னால் கைகள் எழும் சத்தம் அக்காவுக்குக் கேட்டது. நூற்றுக்கணக்கில் துணி உரசும் சத்தம். அவர் எண்ண அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரு மூலையில் எண்ணிவிட்டு மீதியை மதிப்புப் போட்டார். தீர்மானம் தோற்றுவிட்டது என்று அப்போதே எல்லாருக்கும் தெரியும். சிலர் அடுத்த வேலைநேரத்துக்குக் கிளம்பி, வாசல் பக்கம் நகர ஆரம்பித்தார்கள்.

"ஆதரவா இருக்கறவங்க?"

அக்கா கையைத் தூக்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. தோற்றது தோற்றதுதான், ஆனால் யாரும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், நாளைக்கு அந்தப் பெல்ட்டில் போய் நிற்க முடியாது. முன்பெஞ்சில் வைத்திருந்த வெறும் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கிய கை கனத்தது. மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து அப்படித்தான்.

செயலாளர் அவள் முன்னால் வந்து, "ஒண்ணு" என்றார். எழுதிக்கொள்ளப் பென்சிலைக் காகிதத்தில் வைத்தார். வைத்தவர் எழுதாமல் நிமிர்ந்தார். அவளைத் தாண்டிப் பின்னால் நடந்தார். அவருடைய செருப்புச் சத்தம் நடுவழியில் ஒருமுறை நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கே ஒருமுறை நின்றது. பிறகு கடைசிவரை போய், அதே வழியில் மெதுவாகத் திரும்பி வந்தது. இந்தத் தடவை அவர் மதிப்புப் போடவில்லை. ஒவ்வொருவராக எண்ணினார்.

மேஜைக்கு வந்து எழுதினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார்.

ஒன்பது.